பீக்கிங்குக்குப் போன கடிதங்கள்

1

நான் பெய்ஜிங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் முடிந்த வாரத்தில், இலங்கை மலைநாட்டுக் கலஹாவிலிருந்து சுசீலா அக்கா அழைத்தாள். அவள் என் சித்தப்பாவின் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். அன்று புதன்கிழமை. அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"செல்வி, கிராம சேவகர் ஒரு படிவம் குடுத்திருக்காரு. அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

"என்ன படிவம் அக்கா?"

"லயத்து வீட்ட நம்ம பேருக்கு எழுதித் தரப் போறாங்க. தோட்டத்துப் பதிவுல இன்னும் அப்பா பேருதான் இருக்கு. அவரு உயிரோட இருக்காரா இல்லையான்னு கேக்கறாங்க."

எனக்குப் பின்னால் நின்றவர் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார். நான் வரிசையை விட்டு விலகி நின்றேன்.

"சித்தி என்ன சொல்றாங்க?"

"சீனாவுல இருக்காருன்னு எழுதச் சொல்றாங்க."

2

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. எங்கள் வீட்டிலேயே யாரும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

என் அப்பா கண்டி நகரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். அவருடைய தம்பி செல்வராஜ், கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். இருவரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்தவர்கள், ஒரே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர்கள். அறுபதுகளில் மாஸ்கோவும், பெய்ஜிங்கின் அன்றைய பெயரான பீக்கிங்கும் முறைத்துக்கொண்டபோது கட்சி இரண்டானது. அப்பா மாஸ்கோ பக்கம் நின்றார். சித்தப்பா பீக்கிங் பக்கம் போனார். இருந்தாலும் வீட்டு விசேஷங்களுக்கு ஒன்றாகத்தான் வந்தார்கள், சாப்பிடும்போது சண்டை போட்டார்கள். பிறகு அந்த இரண்டு நாடுகளும் எல்லையில் ஓடும் ஓர் ஆற்றுக்கு நடுவில் இருந்த தீவுக்காகச் சுட்டுக்கொண்டன. உறைந்த ஆறு அது. அண்ணன் தம்பி இருவரும் பனிக்கட்டியை ஐஸ்பழக் கடையில் மட்டுமே பார்த்தவர்கள். அந்தத் தீவு யாருடையது என்ற பேச்சில் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு வருடங்களுக்குப் பின் எழுபத்தோராம் ஆண்டு ஏப்ரல் மாதம் தெற்கிலும் எங்கள் பக்கத்திலும் இளைஞர்கள் ஆயுதம் எடுத்தார்கள். சித்தப்பாவுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அவர் வீட்டில் பீக்கிங்கிலிருந்து வந்த சஞ்சிகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு காலை ஜீப்பில் வந்தவர்கள் அவரை ஏற்றிக்கொண்டு பேராதனைப் பக்கம் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அதே காலத்தில் பீக்கிங் அரசாங்கம் எங்கள் அரசாங்கத்துக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பியது. அவரைப் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணமான நாடு, பிடித்தவர்களின் பக்கம் நின்றது.

சித்திக்கு அப்போது இருபத்தைந்து வயது. மடியில் சுசீலா அக்கா. கொழுந்து பறிக்கப் போவதை விட்டாள், அடுப்பு மூட்டுவதை விட்டாள். சில வாரங்களில் சித்தப்பாவின் பெயருக்குப் பீக்கிங் வானொலியிலிருந்து ஓர் உறை வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி' என்று தமிழில் எழுதியிருந்தது. பிடிபடுவதற்கு முன்னால் அவர் போட்ட கடிதத்துக்கு வந்த பதில் அது. சித்தி அப்படி நினைக்கவில்லை. அவர் எங்கேயோ ஒளிந்திருந்து எழுதுகிறார் என்றாள். அன்று அவள் சோறு ஆக்கினாளாம்.

எல்லோரும் அது ஓரிரு மாதத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் இன்னொரு உறை வந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு வருடங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே வரி: தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அந்த உறையைச் சித்தியின் கையில் கொடுக்க மாட்டாராம். வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாராம்.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு உறைகள் நின்றன. சித்தி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "எழுதறத நிப்பாட்டினா என்ன அர்த்தம்? அங்கேயே போய்ச் சேந்துட்டாருன்னுதானே?"

3

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு, பெய்ஜிங்கில் ஒரு நிறுவனத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் வேலைக்கு விண்ணப்பித்தபோது எனக்கு இந்தக் கதை மனதில் இல்லை. வேலை கிடைத்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அங்கதானா?" என்றார். பிறகு, "வேலைய மட்டும் பாரு. பழசு எதையும் கிளறாத."

சித்தி கண்டி பஸ் நிலையத்துக்கே வந்தாள்.

"அவருக்கு இப்ப அறுவது தாண்டியிருக்கும். முடி நரைச்சிருக்கும். இடது காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும். அத வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்."

நான் படித்தவள். அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெய்ஜிங்கில் முதல் சில வருடங்கள், சுரங்க ரயிலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் இடது காதை என் கண் தானாகத் தேடிப் போகும்.

அலுவலகத்தின் முதல் நாளில் ஒன்று நடந்தது. அங்கே தமிழ் படித்த சீனர்கள் எல்லோருக்கும் ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. மூத்தவர் செண்பகம் அம்மா. அவருடைய தமிழ் பாடப்புத்தகம் போல இருக்கும். காலைக் கூட்டத்துக்கு மணி அடித்ததும் அவர் என்னைப் பார்த்து, "வாருங்கள், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்றார்.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடம். எங்கள் மலைகளுக்கு வெளியே அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

"இந்தச் சொல்லை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நினைவில்லை" என்றார். ஆனால் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழகிவிட்டது. பதினெட்டு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் என்ன பேசினார்கள் என்பதைத் திருத்தித் திருத்தியே வருடங்கள் போயின. சென்ற வருடம் 'நெருங்கிய நண்பர்' என்று எழுதிய நாட்டை இந்த வருடம் 'தொடர்புடைய தரப்பு' என்று மாற்றச் சொல்வார்கள். பழைய கட்டுரையிலும் மாற்ற வேண்டும். நானும் மாற்றுவேன். என் கணவர் இங்கே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். மகள் அபி இங்கேயே பிறந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. கனவு சீன மொழியில்தான் வருகிறது என்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

அப்பா ஆறு வருடங்களுக்கு முன் இறந்தார். கடைசிவரை பழசு எதையும் பேசவில்லை.

4

சுசீலா அக்கா அழைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால் எங்கள் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. கீழ்த்தளத்தில், எங்கள் நிறுவனம் பீக்கிங் வானொலியாக இருந்த காலத்து நேயர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. படம் எடுத்துவிட்டுக் காகிதத்தை அழித்துவிடுவது என்று முடிவு. தமிழ் மூட்டைகளைப் பார்த்து நாடு, ஊர், பெயர் எழுதும் வேலை எனக்கு வந்தது.

சுசீலா அக்காவிடம் பேசிய அன்று பிற்பகல் கீழே போனேன். நீளமான தாழ்வாரம், பாதி விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். 'இலங்கை, மத்திய மாகாணம்' என்று ஒட்டியிருந்த மூட்டையைப் பிரித்தேன். மடுல்கெல்லை, புசல்லாவை, கம்பளை என்று வரிசையாக ஊர்கள் வந்தன. பிறகு கலஹா. செல்வராஜ், ஆசிரியர். தனிக் கோப்பாகக் கட்டியிருந்தார்கள்.

என் கைக்கு அவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் காகித வாசத்தில் எனக்கு அழுகைகூட வந்தது.

முதல் கடிதங்கள் அறுபதுகளில் எழுதியவை. அழுத்தமான கையெழுத்து. கூட்டுப் பண்ணைகள் எப்படி நடக்கின்றன, அங்கே ஆசிரியருக்கு மரியாதை உண்டா என்று கேட்டிருந்தார். தோட்டத்துச் சொற்களை எழுதிப் பொருளும் எழுதியிருந்தார். பெரட்டு, கொழுந்து, லயம். ஒரு கடிதத்தில், 'என் அண்ணன் மாஸ்கோ பக்கம். ஓர் ஆற்றுத் தீவுக்காக நாங்கள் பேசிக்கொள்வதில்லை' என்று இருந்தது.

நான் திருப்பிக்கொண்டே போனேன். எழுபத்தோராம் ஆண்டு மார்ச். அடுத்த காகிதம் அதே ஆண்டு ஆகஸ்ட்.

திகதியை மறுபடி பார்த்தேன். ஏப்ரலில் கொண்டு போகப்பட்டவர் ஆகஸ்டில் எழுதியிருந்தார். 'நான் நலம். சில மாதங்கள் எழுத முடியவில்லை.' கீழே செல்வராஜ் என்ற கையொப்பம்.

அதற்குப் பின்னும் கட்டு தடிமனாக இருந்தது. எழுபத்திரண்டில், அமெரிக்க அதிபர் பீக்கிங்குக்கு வந்ததை ஆதரித்து மூன்று பக்கம். 'யாரை வீட்டுக்கு அழைப்பது என்பது வீட்டுக்காரரின் உரிமை.' எழுபத்து நான்கில் இப்படி ஒரு கடிதம்:

'அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செல்வி என்று என் பெயரை வைத்து அழைக்கிறார். அவர் பிடிவாதக்காரர். கெட்டவர் அல்லர். ஒருநாள் பேசுவோம் என்று நினைக்கிறேன்.'

மூன்று வருடங்களுக்கு முன் மறைந்துபோன ஒருவர் நான் பிறந்த செய்தியை எழுதியிருந்தார். தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் எதிரில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

5

ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் சீனத்தில் ஏதோ குறித்திருந்தது. கைவேகத்தில் எழுதிய சீனத்தை என்னால் இன்றும் படிக்க முடியாது. கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டு போய் அபியிடம் காட்டினேன். ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் நின்றாள்.

"இதுல 'கை வேற'ன்னு இருக்கு."

"கை வேறயா?"

"கை இல்ல... எழுதற கை. அத எப்பிடி சொல்றது?"

"கையெழுத்து."

"ஆமா. கையெழுத்து வேற. ஆனா பதில் அனுப்பலாம்."

மார்ச், ஆகஸ்ட் கடிதப் படங்கள் இரண்டையும் அருகருகே வைத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் அவை அவளுக்கு வெறும் வடிவங்கள். நான் படித்துக்கொண்டே போனதில் பார்க்கத் தவறியதை அவள் உடனே பார்த்தாள். "இது ஒருத்தர் இல்ல அம்மா. ரெண்டாவது ஆள் எழுத்துக்கு நடுவுல எடம் விடறாரு. பிரிண்ட் மாதிரி."

நாற்பது வருடங்கள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த கை அது. என் பள்ளிக்கூடக் கொப்பிகளின் அட்டையில் என் பெயரை எழுதிய கை.

அன்று மாலை முழுவதும் அந்தக் கடிதங்களை மறுபடி படித்தேன். மாஸ்கோ என்றால் உயிரை விடும் என் அப்பா, பன்னிரண்டு வருடங்கள் பீக்கிங்கை ஆதரித்து எழுதியிருந்தார். வியட்நாமோடு சீனா போருக்குப் போனபோதும் எழுதியிருந்தார். தம்பியைப் பேச விடாமல் மறித்த வாதங்களை எல்லாம் தம்பியின் பெயரில் தானே தேடிப் படித்து எழுதியிருந்தார். அண்ணனைப் பற்றித் தம்பி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ அதையும் எழுதியிருந்தார்.

கடைசிக் கடிதம் எண்பத்து மூன்று ஆகஸ்டில் எழுதியது. 'கண்டியில் எங்கள் கடைகள் எரிந்தன. நண்பர் வேலை செய்யும் அச்சகமும் எரிந்துவிட்டது. உங்கள் நாடு இதைப் பற்றி என்ன நினைக்கிறது?'

மூலைக் குறிப்பை அபி படித்தாள். "உள்நாட்டு விசயம். கருத்து வேணாம். காலண்டர் அனுப்பவும்."

6

செண்பகம் அம்மா ஓய்வு பெற்றுப் பழைய ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார். மறுநாள் போனேன். படத்தைக் காட்டியதும் அவர் மூலைக் குறிப்பில் தமது கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"முதலாமவர் அழுத்தி எழுதுவார். இரண்டாமவர் எழுத்துகளை எண்ணி எண்ணி வைப்பார்" என்றார். "தாங்கள் வந்த முதல் நாளே, கலஹா என்று சொன்னீர்கள். எனக்கு அச்சமாக இருந்தது."

"வேறு ஆள் என்று தெரிந்துமா பதில் போட்டீர்கள்?"

"மேலே அறிவித்திருந்தால் கோப்பை மூடியிருப்பார்கள்."

தேநீர் ஊற்றினார்.

"அந்த ஆண்டுகளில் என் தந்தையைத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அவருக்கு எழுதுவேன். பதில் வரும். ஒரு வசந்த காலத்துக்குப் பிறகு பதில்களின் கையெழுத்து மாறிற்று. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கடிதம் நின்றுவிடும் அல்லவா?"

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

மூலக் கடிதங்களைக் கேட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். பொறுப்பாளர் மரியாதையாகவே பேசினார். கடிதம் எழுதியவரின் சொத்து அது, அவர் உயிரோடு இருந்தால் அவரே கேட்க வேண்டும், இறந்திருந்தால் சான்றிதழ் வேண்டும் என்றார். "உயிரோடு இருக்கிறாரா?" என்றார். கலஹா கிராம சேவகரின் கேள்விதான். பிரதிகளை எடுத்துக்கொண்டு விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டேன்.

7

கலஹாவில் பிற்பகல் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. லயத்து முற்றத்தில் நின்றால் எதிர் மலை தெரியவில்லை, அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சு மட்டும் கேட்டது. சித்தி என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு எதிரே பலகையில் உட்கார்ந்தாள். நெற்றியில் குங்குமம். சுசீலா அக்கா கதவருகே நின்றாள்.

"பார்த்தியா அவர?" என்றாள் சித்தி.

சொல்லிவிட்டேன். ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மூட்டையிலிருந்து தொடங்கி, கையெழுத்துக்கு வந்து, அப்பாவில் முடித்தேன்.

சித்தி பிரதிகளை வாங்கிப் புரட்டினாள். பிறகு, "அவரு எழுதினது எது, உங்க அப்பா எழுதினது எது? பிரிச்சு வையி" என்றாள்.

பிரித்து வைத்தேன். சித்தப்பாவுடையது சிறிய கட்டு.

"எனக்கு இருவத்தேழு வயசுல புசல்லாவையில இருந்து ஒருத்தர் கேட்டு வந்தாரு. பஸ் டிரைவர். நல்ல மனுசன். புள்ளையையும் சேத்துப் பாத்துக்கறேன்னு சொன்னாரு. எம் புருசன் உயிரோட இருக்காருன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சேன்." பெரிய கட்டின் மேல் விரலை வைத்தாள். "உங்க அப்பா அன்னிக்கு இந்தா, நீ இருக்கற எடத்துலதான் உக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு."

"சித்தி..."

"அந்த மாசத்துக் கடிதாசி இருக்கா?"

இருந்தது. நான் அதை ஏற்கெனவே படித்திருந்தேன். படிக்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

"படி" என்றாள்.

'என் மனைவி உறுதியானவள். அவளைப் போன்ற தோழர்கள் கிடைப்பது அரிது' என்று படித்தேன்.

சித்தி எழுந்து உள்ளே போனாள். அடுத்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். சுசீலா அக்கா அடுப்படியில் மெதுவாக, "பெரியப்பா நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றபோது, உள்ளே இருந்து குரல் வந்தது.

"நல்லதுக்குத்தான் செஞ்சாரு. ஆனா நிப்பாட்டத் தெரியல. ஒரு வருசத்துல நிப்பாட்டியிருந்தா நான் அவர கும்புட்டிருப்பேன்."

அப்பாவுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பன்னிரண்டு வருடங்கள் பொய் எழுதிய மனிதர் அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடங்கள் வாயே திறக்கவில்லை. பயந்திருப்பார். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுவும் சித்திக்குச் சொல்லக்கூடிய பதிலாகத் தெரியவில்லை.

8

மூன்றாம் நாள் காலை சித்தி நல்ல சேலை உடுத்திக்கொண்டு நின்றாள்.

"கிராம சேவகர் கந்தோருக்குப் போவோம்."

கிராம சேவகர் சிங்கள இளைஞர், தமிழ் நன்றாகவே பேசினார். சித்திக்குக் கதிரை போட்டார். "அம்மா, ரெண்டு விதமா எழுதலாம். காணாமல் போனவர் என்று எழுதலாம். இல்லாட்டி இறந்தவர் என்று. உங்க விருப்பம்."

"எறந்துட்டாரு" என்றாள் சித்தி. "எழுவத்தொன்னு ஏப்ரல். மார்ச்சு மாசக் கடிதாசிக்கு அப்புறம் அவரு எழுதினது வேற இல்ல."

அவர் எழுதினார். சித்தி தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். வெளியே வந்ததும் மூடுபனிக்குள் பேராதனை பஸ் ஒன்று முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பியது. சித்தி பஸ் தரிப்பிடத்துப் பலகையில் உட்கார்ந்தாள். சுசீலா அக்கா அழுதாள். சித்தி அழவில்லை.

"அங்க அந்தச் சீனத்தம்மா இருக்காங்கன்னு சொன்னியே, பதில் போட்டவங்க. உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க சித்தி. உங்க வயசுதான்."

"அவங்களுக்கு யாரும் ஒன்னும் சொல்லலையே. ஒரு தாள் குடு."

என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். சித்தி பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கைப்பையைத் தாளுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அவளே எழுதினாள். எழுதி முடிக்க இரண்டு பஸ்கள் போயின. மடிக்காமல் என்னிடம் கொடுத்தாள்.

'கலஹா செல்வராஜ் இறந்துவிட்டார். அவர் பெயரில் எழுதிய அண்ணனும் இறந்துவிட்டார். நீங்கள் போட்ட பதில் எல்லாம் எனக்குத்தான் கிடைத்தது. என் பெயர் ராஜம்மா. எண்பது வயது. நான் உயிரோடு இருக்கிறேன்.'